கடல் கடந்த உழைப்பும் வருமானவரியும்



யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே 'மலாயன் பென்சனியர்' என்னும் சொல் ஒரு காலத்தில் பட்டப்பெயர் போலவே வழங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடக்கம் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் திறைசேரியிலும் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் கடமையாற்றி, முதுமையில் ஊர் திரும்பியவர்கள் அவர்கள். கல்வீடும் முன் விறாந்தையிற் சாய்மனைக் கதிரையும் அவர்களுடைய அடையாளங்கள். அவர்களைப் பல கவலைகள் பிடித்திருக்கலாம். ஆனால் அவர்களுள் முந்திய தலைமுறையினர் தாம் அங்கே உழைத்த சம்பளத்துக்கு எந்த அரசினர்க்கு வருமானவரி கட்டுவது என்று மூளையைக் குழப்பிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. இலங்கையில் வருமானவரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1932இலேதான். மலாயாவில் நிலையான வருமானவரி ஏற்பட்டது உலகப் போரும் முடிந்த பின்னர், 1948இல். எனவே, கோலாலம்பூரிலே கைநிறைய வாங்கிய சம்பளம் அப்படியே கைக்கு வந்தது.

அவர்களுடைய பேரன்மாரும் பேத்திமாரும் இன்று இலண்டனிலும் தொரன்ரோவிலும் சிட்னியிலும் தோகாவிலும் சிங்கப்பூரிலும் உழைக்கின்றனர். கலைத்துறையிற் பட்டம் பெற்ற ஒரு பாடசாலை அதிபருக்கு வரிக்கணக்கோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். பழைய மாணவர்கள் எழுதும் கடிதங்களே அவ்வுறவை உண்டாக்கின. சுகம் விசாரித்து, பாடசாலை மண்டபத்தின் கூரையைப் பற்றி விசாரித்து, ஈற்றில், "சேர், ஊரிலுள்ள வைப்புப் பணத்தின் வட்டியை நான் இங்கே காட்ட வேண்டுமா?" என்று ஒரு வரி எழுதுவார்கள். இக்கேள்விக்கு ஊரிலே இரண்டு விடைகள் உலாவுகின்றன. 'ஊர்க் காசு ஊர்க் காசுதான்; வெள்ளைக்காரனுக்கு அதில் என்ன பங்கு?' என்பது ஒன்று. 'எந்தக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறாயோ அந்த நாட்டுக்குத்தான் வரி' என்பது மற்றொன்று. இரண்டும் பிழை. இரண்டையும் நம்பிப் பல ஆண்டுகள் வாளாவிருந்து, பின்னர் வட்டியும் தண்டமும் சேர்ந்த கடிதம் கிடைத்ததும் நித்திரை இழந்த குடும்பங்களை நான் அறிவேன்.

ஊர் எது என்று ஒரு தமிழனைக் கேட்டால் அவன் சிறிதும் தயங்காமல் விடை சொல்லிவிடுவான். பிறந்த வளவும் கோயிலும் பாட்டன் பூட்டன் பெயரும் அவ்விடையில் அடங்கிவிடும். நாற்பது ஆண்டு வெளியே இருந்தாலும் அவ்விடை மாறுவதில்லை. வருமானவரிச் சட்டமும் ஏறத்தாழ அதே கேள்வியையே கேட்கிறது. ஆனால் விடையை வேறு விதமாகக் காண்கிறது. நீ இவ்வாண்டில் எத்தனை நாள் இங்கே இருந்தாய்? உன் மனைவி மக்கள் எங்கே? நீ எப்போது வந்தாலும் திறந்து நுழையக்கூடிய வீடு எங்கே இருக்கிறது? வதிவு என்று சட்டம் சொல்வது இதைத்தான். பெரும்பாலான நாடுகள் தம்மிடத்தே வதிபவரின் உலக வருமானம் முழுவதையும் கணக்கில் எடுக்கின்றன. வதியாதவரிடம் தம் நாட்டிலே விளைந்த வருமானத்துக்கு மாத்திரம் வரி கேட்கின்றன. இந்த ஒரு வேறுபாட்டை நன்றாக விளங்கிக்கொண்டால் மற்றவற்றிற் பாதி தானே விளங்கும்.

இலங்கைச் சட்டத்தையே முதலிற் பார்ப்போம். இங்கே 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் நடைமுறையிலிருக்கிறது. ஒருவர் இந்நாட்டில் வாழ்ந்துவந்தாலோ, மதிப்பாண்டிலே தொடங்கும் அல்லது முடியும் எந்தப் பன்னிரண்டு மாத காலத்திலாவது மொத்தம் 183 நாள் அல்லது அதற்கு மேல் இங்கே தங்கியிருந்தாலோ அவர் வதிபவர். வெளிநாட்டிலே கடமையாற்ற அனுப்பப்பட்ட அரசாங்க ஊழியரும், தூதரகத்து உத்தியோகத்தர் போன்றோர், வதிபவராகவே கொள்ளப்படுவர். குடும்பத்தோடு பெயர்ந்து நிலையாகக் கடல் கடந்து உழைப்பவர் பொதுவாக வதியாதவர். அவருடைய வெளிநாட்டுச் சம்பளத்தில் இலங்கை பங்கு கேட்பதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ உள்ள வீட்டின் வாடகையும், வங்கி வைப்பின் வட்டியும் இங்கே விளைந்தவை. அவற்றுக்கு இங்கே வரி உண்டு. வட்டியிலே வங்கியே முற்கூட்டிக் கழித்துக்கொள்ளும் வரி 2025 ஏப்ரல் 1ஆம் திகதி தொடக்கம் நூற்றுக்கு 5இலிருந்து 10 ஆக உயர்ந்தது. தாய்க்கு மகன் அனுப்பும் வீட்டுச் செலவுப் பணத்தை வருமானமென்று எண்ணி அஞ்சும் முதியோர் உளர். அவ்வச்சம் வேண்டியதில்லை. அப்பணத்தை வைப்பிலிட்டு அது ஈனும் வட்டிதான் வருமானம்.

ஐக்கிய இராச்சியத்திலே 2013 ஏப்ரல் 6ஆம் திகதி முதல் வதிவைத் தீர்மானிக்கச் சட்டபூர்வமான ஓர் அளவுகோல் வகுக்கப்பட்டிருக்கிறது. 183 நாள் தங்கினால் ஐயமின்றி வதிபவர். அதற்குக் குறைந்தால் வீடு, வேலை, குடும்பம், முந்திய ஆண்டுகளில் தங்கிய நாட்கள் ஆகிய யாவும் தராசில் ஏறும். அங்கே ஒரு நாளைக் கணக்கிடும் முறை வேடிக்கையானது: நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு நீங்கள் அந்நாட்டில் இருந்தீர்களா என்பதே பொதுவிதி. காலையில் வந்திறங்கி மாலையில் விமானமேறியவனுக்கு, சில விலக்குகள் நீங்கலாக, அந்நாள் கணக்கில் வராது. அமெரிக்காவிலோ வேறொரு தேவைக்காக நாட்களை எண்ணும்போது நள்ளிரவு தொடங்கி மறு நள்ளிரவு வரை முழுநாளாய் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஆகவே, கடவுச்சீட்டில் முத்திரை இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. இப்பொழுது பல விமான நிலையங்களில் முத்திரையே குத்துவதில்லை. பயணச்சீட்டுக்களைப் பத்திரப்படுத்தி, போன திகதி, வந்த திகதி இரண்டையும் ஒரு கொப்பியில் அன்றன்றே எழுதிவைப்பதுதான் பாதுகாப்பு.

இலண்டனுக்குப் புதிதாகப் போன ஒரு தாதியை எண்ணிக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 6ஆம் திகதி முதல் அந்நாட்டிலே ஒரு புதிய ஏற்பாடு வந்தது. முந்திய பத்து ஆண்டுகளாக அங்கே வதியாத ஒருவர், வந்து சேர்ந்த முதல் நான்கு ஆண்டுகளுக்குத் தமது வெளிநாட்டு வருமானத்துக்கு அங்கே வரி இல்லாதிருக்கும்படி கோரலாம். கேட்பதற்கு இனிய செய்தி. ஆனால் அவ்வாறு கோருபவர், கோரிய ஆண்டிலே எல்லோருக்கும் உரிய 12,570 பவுண் வரிவிலக்குத் தொகையை இழந்துவிடுவார். அடிப்படை வீதமான நூற்றுக்கு 20ஐக் கொண்டு பார்த்தால் அந்த இழப்பு 2,514 பவுண். ஊரிலே ஐந்து இலட்சம் ரூபாய் வைப்பும் அதன் வட்டியும் உள்ள தாதிக்கு இச்சலுகை பெருநட்டம். பெருஞ் செல்வர்க்கு மாத்திரம் இது இலாபம். சலுகை என்ற சொல்லைக் கண்டதும் கையொப்பமிடாமல், பென்சிலும் கடதாசியும் எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

இன்னொரு தொல்லை, ஆண்டு எங்கே தொடங்குகிறது என்பது. இலங்கையின் மதிப்பாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் சாதாரண ஜனவரி ஆண்டே வரியாண்டு. அவுஸ்திரேலியாவுக்கு யூலை 1. ஐக்கிய இராச்சியத்துக்கோ ஏப்ரல் 6! இவ்விசித்திரத் திகதிக்கு வேர் 1752இல் இருக்கிறது. அவ்வாண்டில் ஆங்கிலேயர் பழைய பஞ்சாங்கத்தை விட்டுப் புதியதைக் கைக்கொண்டபோது பதினொரு நாட்களை நீக்கினார்கள்; மார்ச் 25இல் தொடங்கிய பழைய கணக்காண்டு ஏப்ரலுக்குத் தள்ளப்பட்டது. நம்முடைய சித்திரைப் புத்தாண்டு எந்த நாழிகையிற் பிறக்கிறது என்று இரண்டு பஞ்சாங்கக்காரர் வாதிடுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதையும் அறிந்திருப்பது நல்லது. இவ்வேறுபாட்டால் நேர்வது என்னவென்றால், செத்தெம்பரிற் கொழும்பிலிருந்து சிட்னிக்குப் போன ஒருவரின் ஒரே வருட வட்டி, இங்கே ஓர் ஆண்டிலும் அங்கே வேறோர் ஆண்டிலும் விழுகிறது. வங்கிப் புத்தகத்தை மாதவாரியாகப் பிரித்து வைத்திருந்தாலன்றி அதைக் கணக்கிடுவது வெகு சிரமம். நாணய மாற்று வீதமும் கூடவே வரும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்ததை நாம் மறக்கவில்லை. அவ்வாண்டில் எந்த நாளின் வீதத்தை எடுத்தோம் என்பதை எழுதி வைக்காதவர் பின்னர் விளக்கம் சொல்ல இடர்ப்படுவர்.

இனி, மற்றெல்லா நாடுகளுக்கும் புறம்பான ஒரு வழியிற் செல்லும் நாட்டுக்கு வருவோம். ஐக்கிய அமெரிக்கா தன் குடிமக்களை அவர்கள் எங்கே வாழ்ந்தாலும் விடுவதில்லை. உலகப் பெருநாடுகளுள் இவ்வழக்கம் உடையது அது ஒன்றே. ஆபிரிக்காவிலுள்ள எரித்திரியாவும் வெளியே வாழும் தன் மக்களிடம் நூற்றுக்கு 2 வீதம் கேட்கிறது. குக் என்னும் அமெரிக்கர் மெக்சிக்கோ நகரிலே வாழ்ந்தார். அங்கே இருந்த சொத்திலிருந்தே வருமானம் பெற்றார். அவ்வருமானத்துக்கு அமெரிக்கா எவ்வாறு வரி கேட்கலாம் என்று வழக்காடினார். அரசாங்கத்தின் பாதுகாப்பும் நன்மையும் குடிமகனை எங்கிருந்தாலும் தொடர்கின்றன. ஆதலால் வரியும் தொடரலாம் என்று 1924இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நூறாண்டு கடந்தும் அத்தீர்ப்பு நிலைத்திருக்கிறது. பின்னாளில் பிரித்தானியப் பிரதமராய் இருந்த பொரிஸ் ஜோன்சன் 1964இல் நியூ யோர்க்கிற் பிறந்தவர். ஐந்து வயதிலேயே அங்கிருந்து போய்விட்டவர். அவர் இலண்டனில் இருந்த தம் வீட்டை விற்ற இலாபத்துக்கு அமெரிக்கா வரி கேட்பதை 2014இல் வெளிப்படையாகக் கடிந்துகொண்டார், பின்னர் கட்டினார், 2016இல் அந்தக் குடியுரிமையையே துறந்தார். கைக்குழந்தையாய் ஒரு நாட்டிற் பிறந்தமைக்காக ஆயுள் முழுதும் கணக்குக் கொடுப்பது நீதியா என்று கேட்டால், நீதியன்று என்பதே என் கருத்து. ஆனால் சட்டம் என் கருத்தைக் கேட்டு நடப்பதில்லை. மகப்பேற்றுக் காலத்தில் அமெரிக்காவில் இருந்து, பிள்ளையோடு ஊர் திரும்பிய பெற்றோர் இதை அறிந்திருக்க வேண்டும். பச்சை அட்டை எனப்படும் நிரந்தர வதிவுரிமை பெற்றவரையும், அதை முறைப்படி ஒப்படைக்கும் வரை, அவ்வாறே நடத்துகின்றனர்.

இதற்கு ஓரளவு ஆறுதலும் உண்டு. வெளிநாட்டிலே உழைத்த ஊதியத்தில் ஒரு தொகையை அமெரிக்க வரியிலிருந்து நீக்கிக்கொள்ளலாம். 2025ஆம் ஆண்டுக்கு அத்தொகை 130,000 டொலர். அடுத்தடுத்து வரும் பன்னிரண்டு மாதங்களில் 330 முழு நாட்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தமை அதற்கு ஒரு தகுதி. வட்டிக்கும் வாடகைக்கும் ஓய்வூதியத்துக்கும் இது பொருந்தாது. விவரத்திரட்டை அனுப்பிக் கோரினாலன்றி விலக்குத் தானாகக் கிடைக்காது என்பதையே பலர் அறியார். 'வரி ஒன்றும் வராதே, பிறகு ஏன் பத்திரம்?' என்று இருந்துவிடுகின்றனர்.

வரியைவிடக் கடுமையானது கணக்கு அறிவித்தல். வெளிநாடுகளில் ஓர் அமெரிக்க வதிவாளருக்கு உள்ள வங்கிக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒரு கணமேனும் 10,000 டொலரைத் தாண்டினால் அதைத் தனியாக அறிவிக்க வேண்டும். 1970ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்கு அடிப்படை. நம்மவர் இதில் அகப்படும் விதம் பரிதாபமானது. ஊரிலே தாய்க்கு வயதாகிவிட்டது. வங்கிக்குப் போக இயலாத காலத்தில் உதவுமென்று மகளுடைய பெயரையும் கணக்கிற் சேர்த்துவிடுகிறார்கள். பணம் முழுவதும் தாயுடையது. மகளோ நியூ ஜேர்சியில் இருக்கிறாள். கையொப்பமிடும் அதிகாரம் இருந்தாலே அறிவிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. தண்டம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பிற்னர் என்பவருடைய வழக்கு எடுத்துக்காட்டு. ருமேனியாவிற் பிறந்து அமெரிக்கக் குடிமகனாகி, பின்பு ருமேனியாவுக்கே திரும்பித் தொழில் நடத்தியவர் அவர். ஐந்து ஆண்டுகளுக்குக் கணக்குகளை உரிய காலத்தில் அறிவிக்கவில்லை. 272 தடவை பிழைத்தார் என்று கணக்கிட்டு 27 இலட்சத்து 20 ஆயிரம் டொலர் தண்டம் விதித்தனர். ஒவ்வொரு கணக்குக்குமன்று, ஒவ்வோர் ஆண்டு அறிக்கைக்குமே தண்டம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் கூறிய பின்னர் அது 50,000 டொலராய்க் குறைந்தது. தெரிந்து செய்யாத பிழைக்கே இவ்வளவு! 2010இல் வந்த இன்னொரு சட்டத்தின் பின்னர், பல நாட்டு வங்கிகள் அமெரிக்கர் கணக்குகளைத் தாமே அறிவித்துவருகின்றன. யாருக்குத் தெரியப்போகிறது என்னும் காலம் போய்விட்டது.

ஒரே ரூபாவுக்கு இரண்டு அரசுகளும் வரி கேட்டால் உழைத்தவன் கதி என்ன? இக்கேள்வி முதலாம் உலகப் போருக்குப் பின்னர், வரி வீதங்கள் ஏறிய காலத்தில் பெரிதாய் எழுந்தது. சர்வதேச சங்கம் நான்கு பொருளியலறிஞரிடம் இதை ஒப்படைக்க, அவர்கள் 1923இல் அறிக்கை கொடுத்தார்கள். அவர்களுள் ஒருவரான எயினோடி பிற்காலத்தில் இத்தாலியின் குடியரசுத் தலைவரானார். ஒருவன் எந்தச் சமுதாயத்தின் பொருள் வாழ்வோடு எந்த அளவுக்குப் பிணைந்திருக்கிறானோ அந்த அளவுக்கு அங்கே வரி கட்டுவதே முறை என்பது அவர்கள் கண்ட நெறி. இன்று உலகெங்கும் உள்ள இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கைகள் அந்த வேரிலிருந்து கிளைத்தவை. இலங்கை, ஐக்கிய இராச்சியத்தோடு 1979இல் இத்தகைய உடன்படிக்கை செய்தது. கனடாவோடும் அவுஸ்திரேலியாவோடும் செய்திருக்கிறது. அமெரிக்காவோடு செய்தது 1985இற் கைச்சாத்தாகியும் 2004இலேதான் நடைமுறைக்கு வந்தது.

உடன்படிக்கை இருக்கிறதென்றால் எங்கும் வரி இல்லை என்பது பொருளன்று. இலண்டன் தாதிக்கு ஊரிலே ஆண்டில் 10 இலட்சம் ரூபாய் வட்டி வருகிறதென்று கொள்வோம். வங்கி ஓர் இலட்சத்தைக் கழித்துக்கொள்கிறது. அவள் அங்கே வதிபவளாதலால் முழுப் பத்து இலட்சத்தையும் காட்டவேண்டும். ஒன்பது இலட்சத்தைக் காட்டினால் அது பிழை. அங்கே வீதம் நூற்றுக்கு 20 என்றால் வரி இரண்டு இலட்சத்துக்குச் சமம். இலங்கையிற் கட்டிய ஓர் இலட்சத்தை அதிற் கழித்து மீதி ஓர் இலட்சத்தை அங்கே செலுத்த வேண்டும். ஆகமொத்தம் அவள் கொடுப்பது மூன்று இலட்சமன்று, இரண்டு இலட்சமே. வட்டிக்குரிய விலக்குகளால் அங்கே வரியே வராத நிலை ஏற்பட்டால், இங்கே கழிக்கப்பட்ட இலட்சத்தை அந்நாடு திருப்பித் தரமாட்டாது. தான் வாங்காத பணத்தை அது எப்படித் திருப்பித் தரும்?

இரண்டு நாடுகளும் ஒருவரைத் தம் வதிவாளர் என்று உரிமை கொண்டாடும்போது உடன்படிக்கைகள் வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்கும். நிலையான வீடு எங்கே? இரண்டிடத்தும் இருந்தால், வாழ்க்கையின் நெருங்கிய பிணைப்புக்கள் எங்கே? அதுவும் தெளிவாகாவிடின் வழக்கமாய்த் தங்குமிடம் எது? குடியுரிமை கடைசிக்குச் சற்று முன்னரே பேசப்படுகிறது. அதற்கும் முடியாவிட்டால் இரு அரசினரும் கூடிப்பேசித் தீர்ப்பர். கடவுச்சீட்டை முதலில் நீட்டுபவர்கள் இவ்வரிசையைக் கவனிக்க வேண்டும். சில மாதங்களுக்கு மாத்திரம் வேலையின் நிமித்தம் அனுப்பப்படுபவருக்குத் தனி விதி உண்டு. பன்னிரண்டு மாதத்தில் 183 நாளுக்கு மேற்படாது தங்கி, சம்பளம் கொடுப்பவர் அந்நாட்டவராய் இல்லாமல், அந்நாட்டிலுள்ள கிளையும் அச்சம்பளத்தைச் சுமக்காமல் இருந்தால், அங்கே வரி இல்லை. மூன்றும் பொருந்த வேண்டும்.

வளைகுடா நாடுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஐக்கிய அரபு இராச்சியம், கட்டார், குவைத்து, சவூதி அரேபியா, பஃறேயின் ஆகியவற்றிலே சம்பளத்துக்கு வருமானவரி இல்லை. ஓமான் மாத்திரம் 2025இல் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது: 2028 ஜனவரி முதல், ஆண்டுக்கு 42,000 றியாலுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு நூற்றுக்கு 5. வீட்டுப் பணியாளராகவும் சாரதியாகவும் போன நம் சகோதரர் எவரையும் அது தொடாது. சிங்கப்பூர் வேறு வகை. அங்கே வேலையை விட்டு நீங்கும் வெளிநாட்டவரைப் பற்றி முதலாளி ஒரு மாதம் முன்னதாகவே வரித் திணைக்களத்துக்கு அறிவித்து, கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைக்க வேண்டும். கணக்குத் தீர்ந்த பின்னரே பணம் வரும். அதை அறியாமல், கடைசி மாதச் சம்பளத்தை நம்பிக் கலியாணத்துக்கு நாள் வைத்தவர்கள் உண்டு.

காணி விற்பனையைப் பற்றிச் சற்று விரிவாய்ச் சொல்ல வேண்டும். ஏனெனில் பெருந்தொகை அங்கேதான் போகிறது. தகப்பன் கொடுத்த வளவை வெளிநாட்டிலிருக்கும் மகன் விற்கிறான். இலங்கையில் 2018 ஏப்ரல் தொடக்கம் மூலதன ஈட்டுவரி மீண்டும் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே கையிலிருந்த சொத்துக்கு, 2017 செத்தெம்பர் 30ஆம் திகதி அது என்ன விலை பெறுமோ அதுவே அடக்கவிலை. அதற்கு மேற்பட்டதே ஈட்டம். மகன் வாழும் நாடு எப்படிக் கணக்கிடுகிறது? கனடா, அவன் வதிவாளனாய் வந்த நாளின் சந்தை விலையை அடக்கவிலையாக ஏற்கிறது. அவுஸ்திரேலியாவும் பெரும்பாலும் அப்படியே. ஐக்கிய இராச்சியத்தில் இந்த வசதி இல்லை. தொடக்கத்திற் சொத்துக் கைக்கு வந்த காலத்துப் பெறுமதியையே நோக்குவர். ஆகவே, கனடாவுக்குக் குடிபெயரும் ஒருவர் போன ஆண்டிலேயே ஊரிலுள்ள காணிக்கு ஒரு தகுதிவாய்ந்த விலைமதிப்பாளரிடம் அறிக்கை பெற்று வைப்பது அறிவு. இருபது ஆண்டு கழித்து அன்றைய விலையை யாரைக் கேட்டு அறிவது? போரினால் இடம்பெயர்ந்து, உறுதியையே தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இந்தப் புத்திமதி எட்டாது என்பதையும் அறிவேன். அவர்கள் காணிப் பதிவுக் கந்தோரில் அக்காலத்து அயற்காணி விற்பனைகளின் விலைகளைத் தேடிப் பெறுவதே வழி. கனடாவை விட்டு நிலையாக நீங்குபவர்க்கும் ஒரு வாயிற்படி உண்டு. அவர் புறப்படும் நாளிலே தம் சொத்துக்கள் பலவற்றை விற்றதாகவே சட்டம் பாவித்து, ஈட்டத்துக்கு வரி கேட்கும். கனடாவிலுள்ள வீடு, காணி இதற்கு விலக்கு. முதுமையில் ஊரோடு வந்துவிடலாம் என்று எண்ணுவோர் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்னரே இதை விசாரிக்க வேண்டும்.

இப்பொழுது எதிர்த்திசையிலும் ஒரு கூட்டம் தோன்றியிருக்கிறது. நல்லூரிலே தன் வீட்டறையிற் கணினியின் முன் அமர்ந்து சுவிற்சர்லாந்திலுள்ள நிறுவனத்துக்கு வேலை செய்யும் இளைஞன் எந்தக் கடலையும் கடக்கவில்லை; வருமானந்தான் கடந்து வருகிறது. இவ்வகைச் சேவை வருமானம், வெளிநாட்டு நாணயமாய் வங்கி மூலம் வந்தால், இலங்கையில் வரிவிலக்குப் பெற்றிருந்தது. 2025 ஏப்ரல் முதல் அது வரிக்குட்பட்டது. உயர்ந்தபட்ச வீதம் நூற்றுக்கு 15. சம்பளக்காரரான ஓர் ஆசிரியருக்கோ மருத்துவருக்கோ மேல் வீதம் நூற்றுக்கு 36 வரை ஏறக்கூடிய நாட்டில் இது இரக்கமான வீதமே.

இவை யாவற்றிலும் ஊரிலிருக்கும் முதியோருக்கு ஒரு பங்கு உண்டு. மகனுடைய அற்றோர்ணித் தத்துவத்தைப் பெற்று வீட்டை வாடகைக்குக் கொடுப்பவரும், வைப்பைப் புதுப்பிப்பவரும் அவர்களே. வாடகைக்குப் பற்றுச்சீட்டு எழுதாமல் வாய்ப்பேச்சிலேயே காலங்கழிப்பது நம் வழக்கம். வாடகைக்காரன் நல்லவனாயிருக்கலாம், ஆயினும் வெளிநாட்டிலே கணக்குக் காட்டுபவன் பற்றுச்சீட்டில்லாமல் எதைக் காட்டுவான்? வீட்டுக்குக் கூரை மாற்றிய செலவையும் ஓடு வாங்கிய சிட்டையையும் வைத்திருந்தாற் கழித்துக்கொள்ளக் கூடியவற்றைக் கழிக்கலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது, வட்டியிற் கழித்த வரிக்காக வங்கி கொடுக்கும் சான்றுப்பத்திரம். அது இல்லாவிட்டால் நான் முன்னே சொன்ன அந்த ஓர் இலட்சத்தை இலண்டனிலே கழிக்க முடியாது. மகள் மூன்று இலட்சமும் கட்டவேண்டியவளாவாள். மார்ச் மாதத்தோடு நம் மதிப்பாண்டு முடிகிறது. சித்திரை வருடப்பிறப்பு ஆரவாரம் அடங்கியதும் வங்கிக்குப் போய், சென்ற ஆண்டுக்குரிய பத்திரத்தைத் தாருங்கள் என்று கேட்டு வாங்கி, அதன் படமொன்றை அன்றைக்கே பிள்ளைக்கு அனுப்பிவிட்டு, மூலப்பத்திரத்தை உறுதிகள் இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.